மந்திரி தமிழ்ல சொன்னது

இல்ல தம்பி, சிரிக்கக் கூடாதுன்னுதான் நானும் பாக்குறேன். நீங்க அந்தக் கொடைக்குள்ள லைட்டப் போட்டதும் எனக்கு வந்துடுது. வாய மூடுனா கன்னம் உப்புது, தொறந்தா பல்லு தெரியுது. ஒரு நிமிசம் பொறுங்க, மூச்சு விட்டுக்கிறேன். ம், இப்பப் படத்த எடுங்க. அடடா, இல்ல இல்ல, மறுபடி வந்துருச்சி.

கோவிச்சுக்காதீங்க. பேரு என்னமோ சொன்னீங்களே, றினாஸா? நல்லது. எனக்கு ஜெயம்மா. பால் வெட்டுற வேலை, ரப்பர் பால். விடிய எந்திரிச்சு மரத்துக்கு மரம் ஓடுற ஆளப் புடிச்சு இப்படிப் பொம்ம மாதிரி ஒக்காருன்னா எப்புடி ஒக்காருவேன்?

ஐடி கார்டுக்கு இல்ல தம்பி. ஐடி இருக்கு, வர்ற வழியில பஸ்ஸ நிப்பாட்டி செக் பண்ணுனாங்க, காட்டிட்டுத்தான் வந்தேன். பாஸ்போட்டுக்கும் இல்ல. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போற வயசா இது? எதுக்குன்னு சொல்றேன், மொதல்ல இந்தச் சிரிப்பு அடங்கட்டும்.

எங்க பக்கத்து டவுன் புளத்கொகுபிட்டியவுலயே ஸ்டூடியோ இருக்குதான், இல்லன்னு சொல்லல. அங்க எடுத்தேன்னு வையுங்க, நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள எங்க லயத்துல, அந்த வரிசை வீடு பூரா பேச்சு நடக்கும். அதான் ரெண்டு பஸ் மாறி மாவனல்லைக்கு வந்தேன். அப்படி வந்து எறங்கி, ஸ்டூடியோ எங்கன்னு தேடி, உங்க கடையப் பாத்தா, சுவத்துல யாரு? எங்க மந்திரி ஐயா, நாங்க மாத்தயான்னுதான் சொல்லுவோம். அந்த மீசையும் அந்த வெள்ள உடுப்பும். பக்கத்துல மகன். அதப் பாத்ததுல ஆரம்பிச்ச சிரிப்புதான் தம்பி இது.

தெரியுமா உங்களுக்கு அவர? போஸ்டர்ல தெரியும், சரி. எனக்கு அவர வாயோட தெரியும். பதினாலு வருசமா அவரு எங்க தோட்டத்துல பேசுற தமிழ் பூரா என் வாயிலேர்ந்து வந்ததுதான்.

தொண்ணூத்தி நாலுலதான் அவரு மொத மொதல்ல எலெக்சன் கேட்டாரு. அப்ப அவர யாருக்கும் தெரியாது. கட்சி லிஸ்ட்டுல எங்கயோ அடியில கெடந்தாரு. ஊருப் பக்கம் பெரிய பெரிய ஆளுங்க மனாப்பே, அதான் விருப்பு வாக்கு, எல்லாத்தையும் பங்கு போட்டுக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா, ஓட்டுச் சீட்டுல கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுட்டு, அப்புறம் ஆளோட நம்பருக்கு ஒரு புள்ளடி போடணும்ல. கட்சி ஜெயிச்சாலும் நம்பருக்குப் புள்ளடி விழலன்னா ஆளு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுனால இவரு தோட்டம் தோட்டமா ஏற ஆரம்பிச்சாரு. தேடுவாரில்லாமக் கெடந்த ஓட்டு எங்களதுதானே.

வந்தாங்க. காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்களத்துல ரெண்டு மேசையச் சேத்துப் போட்டு மேடை. கட்சிக்காரப் பொடியன் ஒருத்தன், இங்க யாருக்கு சிங்களம் தெரியும், மாத்தயா பேசுறத தமிழ்ல சொல்லணும்னு கேட்டான். எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எங்க யூனியன் தலைவரு நல்லையாதான் வழக்கமா சொல்லுவாரு. அவருக்கு அன்னிக்கி தொண்டையே இல்ல, மொத நாள் கோயில்ல விடிய விடிய பாட்டுப் படிச்சதுல வெறும் காத்துதான் வருது. அவரு என்னப் புடிச்சுத் தள்ளிட்டாரு. அறிவு இருக்குன்னு இல்ல தம்பி, வாய் நீளம்னு.

மாத்தயா பேச ஆரம்பிச்சாரு. எதப் பத்தின்னு நெனைக்கிறீங்க? உரம். வயலுக்குப் போடுற உரம். எங்க கட்சி வந்தா வெவசாயிக்கி கொறஞ்ச வெலைக்கி உரம் குடுப்போம், நெல்ல நல்ல வெலைக்கி எடுப்போம். கீழ கிராமத்துல பேசுன அதே பேச்சு. அவருகிட்ட அந்த ஒரு பேச்சுதான் இருந்துச்சி, பாவம். முன்னாடி நிக்கிறது பூரா ரப்பர்க்காட்டு சனம். எங்கள்ல யாருக்குத் தம்பி வயல் இருக்கு? சட்டியில வெச்ச கறிவேப்பிலைக்குப் போடவா அந்த உரம்?

அவரு நிப்பாட்டிட்டு என்னப் பாக்குறாரு. சனமும் என்னப் பாக்குது. உரம்னு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு. வாயத் தொறந்தேன், வந்துருச்சி. மாத்தயா என்ன சொல்றாருன்னா, நம்ம ஓயாவுக்குக் குறுக்க பாலம் போட்டுத் தருவாராம், அப்படின்னேன்.

பாலம்தான் தம்பி எங்களுக்கு எல்லாம். எங்க லயத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவுல அந்த ஓயா, சின்ன ஆறு, ஓடுது. ரெண்டு கித்துள் மரத்த வெட்டிப் போட்டு அது மேலதான் நடக்குறோம். மழை பேஞ்சா மரமும் போயிடும், நாங்க அந்தப் பக்கம், ஒலகம் இந்தப் பக்கம். கடை, ஆஸ்பத்திரி, புள்ளைங்க படிக்கிற பெரிய ஸ்கூல், எல்லாம் இந்தப் பக்கம்.

கைதட்டு பாக்கணுமே. மாத்தயாவுக்கு மொகம் பூரிச்சுப் போச்சு. கிராமத்துல இந்தப் பேச்சுக்கு ஒரு நாயும் எந்திரிச்சுப் பாத்திருக்காது. அவரு உரம்னு இன்னும் சத்தமாக் கத்துனாரு. நான் பாலம்னு இன்னும் சத்தமாக் கத்துனேன். அவரு ரெண்டு வார்த்த சொன்னா நான் ரெண்டு நிமிசம் பேசுவேன். எறங்கினப்புறம் கேட்டாரு, என்ன இது, தமிழ்ல இவ்வளவு சொல்லணுமான்னு. ஆமா மாத்தயா, தமிழ் கொஞ்சம் நீளம்னு சொன்னேன். அப்படியான்னு தலைய ஆட்டிக்கிட்டாரு.

சிரிக்காதீங்க தம்பி, கேமரா ஆடுது பாருங்க.

ஜெயிச்சிட்டாரு. கடைசி ஆளா, ஓரத்துல தொங்கிக்கிட்டு ஜெயிச்சாரு, எங்க தோட்டத்து மனாப்பேதான் தூக்கிவிட்டுச்சி. கையோட நாங்க வேன் புடிச்சு அவரு ஆபீசுக்குப் போனோம், பாலம் எப்ப மாத்தயான்னு கேக்க. நல்லையா தலைவரு, எங்கூடப் பால் வெட்டுற மருதாயி, இன்னும் பத்துப் பேரு, நடுவுல நான். அவருக்கு ஒன்னும் வெளங்கல. எந்தப் பாலம், நான் எப்ப சொன்னேன்னு கேக்குறாரு.

நான் சொன்னேன். சொன்னீங்க மாத்தயா. தமிழ்ல சொன்னீங்க.

ஒரு மாதிரியாப் பாத்தாரு பாருங்க என்ன. சரி, இன்னியோட நம்ம கதை முடிஞ்சிச்சின்னு நெனச்சேன். தோட்டத்துத் தொரைகிட்ட சொல்லி வேலையையும் நிப்பாட்டிடுவாருன்னு பயம். என்ன மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டு கதவச் சாத்துனாரு. என்னென்ன சொன்னேன்னு கேட்டாரு. சொன்னேன். அதுக்கா அந்தக் கைதட்டுன்னு கேட்டாரு. ஆமான்னேன். மீசையத் தடவிக்கிட்டாரு. அப்புறம் பிளேன்டி குடிக்கிறியான்னு கேட்டாரு. மனுசன் பொல்லாதவன் இல்ல தம்பி, அதச் சொல்லணும். கெட்டிக்காரன். எத வெச்சு ஜெயிச்சோம்னு புரிஞ்சுக்கிற கெட்டிக்காரத்தனம் இருந்துச்சி.

அதுக்கப்புறம் பாருங்க கூத்த. ரெண்டாயிரத்துல எலெக்சன். அவருக்குப் பொடி மந்திரி, அதான் பிரதி அமைச்சர் பதவி தர்றதா பேச்சு அடிபடுது. ஜீப்புல வந்து எறங்குனாரு. நேரா எங்கிட்ட வந்து, காதுகிட்ட குனிஞ்சு, ஜெயம்மா, இன்னிக்கி நான் என்ன பேசுறேன்னு கேட்டாரு.

நெசமா தம்பி. அல்லா பேர்ல நீங்க சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன், மாரியம்மா பேர்லயும் பண்றேன். இன்னிக்கி நான் என்ன பேசுறேன். நான் சொன்னேன், பாலம் மாத்தயா, பெறகு கைப்புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற புள்ளக்காம்பிராவுக்குக் கூரைத்தகரம், நேரம் இருந்தா கோயிலுக்கு மணி. சரின்னு மேடையில ஏறி, பழையபடி உரப் பேச்ச ஆரம்பிச்சாரு. ஏன்னா பேப்பர்க்காரங்க எழுதுறது சிங்களத்துலதானே. கிராமத்துக்கு உரம், தோட்டத்துக்குப் பாலம். ஒரே வாயில ரெண்டு எலெக்சன் கேட்ட மந்திரி இலங்கையிலயே அவரு ஒருத்தராத்தான் இருப்பாரு.

அந்தத் தடவ ஓயாக் கரையில, எங்க பக்கம், பாலத்துக்கு அடிக்கல்லு நாட்டுனாரு. மஞ்ச பூசி, பேரு வெட்டி, ரிப்பன் கட்டி. ஜெயிச்சும் போனாரு, நல்லாவே ஜெயிச்சாரு. கல்லு மட்டும் அங்க நிக்குது. அதுல ஆட்டக் கட்டுவாங்க.

அந்த வருசக் கடைசியில, டிசம்பர்ல, எம் மூத்த பொண்ணு ஷாமிளா ஓ லெவல் பரீச்சை எழுதுனா. எங்க லயத்துல பொம்பளப் புள்ள அது வரைக்கும் போனது அவதான் மொத ஆளு. கணக்குப் பாடத்துக்கு மொத நாள் ராத்திரியெல்லாம் மழை. காலையில வந்து பாக்குறோம், கித்துள் மரத்தக் காணோம். தண்ணி செவப்பாப் போகுது. அவங்க அப்பா அவளத் தோள்ல தூக்கி எறங்கிப் பாத்தாரு, இடுப்புக்கு வந்ததும் தண்ணி இன்னும் ஏறுதுன்னு திரும்பிட்டாரு. அவ வெள்ள சட்டையோட, பேனாவக் கையில புடிச்சுக்கிட்டு, அந்த அடிக்கல்லு மேல ஒக்காந்திருந்தா. பரீச்சை முடியிற நேரம் வரைக்கும் அங்கயே ஒக்காந்திருந்தா. எந்திரிச்சு வாடின்னா வரல. அழுவவும் இல்ல.

இப்ப அவ கொழும்புல கார்மெண்ட்ல இருக்கா. நல்லாத்தான் இருக்கா. இருந்தாலும் எனக்கு அந்தக் காலை மறக்கல தம்பி. பாருங்க, இப்ப சிரிப்பு நின்னுருச்சி. ஆனா இந்த மூஞ்சிய எடுக்காதீங்க, இது வேண்டாம்.

மறு வருசமே திருப்பி எலெக்சன் வந்துச்சில்ல. பார்லிமெண்டக் கலைச்சிட்டாங்க. வந்தாரு. இன்னிக்கி நான் என்ன பேசுறேன்னு கேட்டாரு. வழக்கம் போலத்தான் மாத்தயான்னேன். அவரு உரம், வெல, கட்சி, தலைவர்னு பேசிக்கிட்டே போறாரு. நான் மைக்கப் புடிச்சேன். மாத்தயா என்ன சொல்றாருன்னா, எனக்கு உங்க மூஞ்சியப் பாக்க வெக்கமா இருக்கு. கல்லு மட்டும் வெச்சுட்டுப் போனேன். நம்ம புள்ள ஒருத்தி அந்தக் கல்லுல ஒக்காந்து பரீச்சைய விட்டா. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன்னு சொல்றாரு.

சொல்லிட்டு அவரப் பாத்து, மாத்தயா இப்பக் கும்புடுங்கன்னு சிங்களத்துல மெதுவாச் சொன்னேன். அவரு வணக்கம் சொல்ற எடம்னு நெனச்சு ரெண்டு கையையும் கூப்பி, நல்லாத் தல குனிஞ்சு கும்புட்டாரு.

மருதாயி முந்தானையால கண்ணத் தொடைச்சா. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சுப் பின்னாடி போயிட்டாரு. பெறகுதான் கை தட்டுனாங்க, மெதுவா, ரொம்ப நேரம். இவரும் என்னமோ ஏதோன்னு இன்னொரு வாட்டி கும்புட்டாரு. ஒரு பெரிய மனுசன எங்க சனத்து முன்னாடி மன்னிப்புக் கேக்க வெச்சேன், அவருக்குத் தெரியாமயே. அன்னிக்கி எனக்கு வந்த சந்தோசம் வேற எதுலயும் வந்ததில்ல.

தோத்துட்டாரு அந்த வாட்டி. தோட்டத்துல போட்டோம், கிராமத்துல போடல. உரம் வரலயே, எப்புடிப் போடுவாங்க? பெறகு ரெண்டாயிரத்தி நாலுல திருப்பி எந்திரிச்சு வந்தாரு. அதுக்காக ஓயாவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தூணு எழுப்பிக் குடுத்தாரு, நல்ல கொங்கிரீட்டுத் தூணு. ஜெயிச்சாரு. தூணு இந்தா இன்னும் நிக்குது, இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு. நடுவுல நடக்குறதுக்குத் தட்டு இல்ல. கொக்கு ஒக்காருது.

என்னது? சனம் ஏமாந்துச்சின்னா? அதான் தம்பி, அங்கதான் நீங்களும் மாத்தயா மாதிரியே நெனைக்கிறீங்க.

எங்க தோட்டத்துல சிங்களம் தெரியாத ஆளு யாரு? கடைக்குப் போனா சிங்களம், ஆஸ்பத்திரிக்குப் போனா சிங்களம், பால் நிறுக்கிற எடத்துல சிங்களம். லயத்துப் புள்ளைங்க பந்து வெளையாடுறப்ப சண்ட போடுறதே சிங்களத்துலதான். நல்லையா தலைவரு சிங்களத்துல கவி கட்டுவாரு. அவரு உரம்னு சொன்னதும் எல்லாருக்கும் வெளங்கிருச்சி, நான் பாலம்னு சொன்னதும் வெளங்கிருச்சி. ரெண்டு காதுல ரெண்டையும் கேட்டுட்டுத்தான் கை தட்டுனாங்க. மேடைய விட்டு நான் எறங்கினதும் மருதாயி என்னக் கட்டிப் புடிச்சு, நல்லாப் பேசுனடி நீன்னா. நீன்னு சொன்னா தம்பி. மாத்தயான்னு சொல்லல.

இத்தன வருசத்துல ஒரு ஆளு வாயத் தொறந்து காட்டிக் குடுக்கல. அவரு வந்தா எல்லாரும் ஒன்னும் தெரியாத மாதிரி நிப்பாங்க, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கைய அசைக்க மாட்டாங்க. அவருக்கு என்ன நெனப்புன்னா, ஜெயம்மா நமக்காகப் பொய் சொல்லி இந்த அப்பாவி சனத்த மயக்கி வெச்சிருக்கான்னு. அதுனாலதான் எம்மேல அவ்வளவு நம்பிக்கை.

ஆமா, மகன். போஸ்டர்ல இருக்காருல்ல, பொடி மாத்தயா. மாகாண சபைக்கு நிக்கிறாரு, அடுத்த மாசம் எலெக்சன். மாத்தயாவுக்கு சீனி வருத்தம், கால்ல புண்ணு, மேடை ஏற முடியாது. போன ஞாயித்துக்கெழம என்னக் கூப்பிட்டு அனுப்பிச்சாரு. பொடி மாத்தயாவும் இருந்தாரு, கைப்போன நோண்டிக்கிட்டு. இந்த வாட்டியும் நீதான் தமிழ்ல சொல்லணும், எல்லா எடத்துலயும் மேடை ஏறணும்னாரு. சரின்னேன். அப்புறம் சொன்னாரு, கட்சி லிஸ்ட்டுல ஒரு தமிழ்ப் பேரு இருந்தா தோட்டத்து ஓட்டு பூரா நம்ம கட்சிக்கு வரும், பேருக்கு ஒரு ஆளு வேணும்னு. ஜெயிக்கவெல்லாம் வேணாம், செலவும் இல்ல, ஒரு கையெழுத்து வெச்சாப் போதும்னாரு.

யாரன்னு நானும் கேட்டேன் தம்பி. நெசமாவே வெளங்கல எனக்கு. நல்லையா தலைவரக் கேக்கப் போறாரு போலன்னு நெனச்சேன், பாத்தா அவரு வெரலு என் பக்கம் நீளுது.

அதான் இந்தப் படம். சின்னதா வேணாம், பெருசா, உங்க சுவத்துல அவரு இருக்குற அளவுக்கு. மூணு நாளையில எனக்கும் நம்பர் குடுப்பாங்களாம், அதுனால கீழ நம்பர் அடிக்க எடம் விட்டு வெட்டுங்க. புடவ சரியா இருக்கா? இது தர்மிளாவோட தெரிவு, சின்னவ. அவ இந்த டிசம்பர்ல ஓ லெவல் எழுதுறா.

இல்ல, என் நம்பர மேடையில சொல்லவே கூடாதுன்னு மாத்தயா கண்டிப்பாச் சொல்லிட்டாரு. பொடி மாத்தயா அவரு நம்பரச் சிங்களத்துல சொல்லுவாராம், நான் அத தமிழ்ல சொல்லணுமாம். சொல்றேன்னேன். தமிழ்ல சொல்றப்ப எந்த நம்பரு வரும்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

சரி, எடுங்க தம்பி. சிரிச்சாலும் பரவால்ல, அப்படியே எடுங்க.